1984 கிட்டாரும் 2014 கிட்டாரும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இரண்டு மின் கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று, ஜப்பானில் 1984இல் செய்யப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். சிங்கப்பூரின் பிடோக்கில் குடியிருந்த ஒருவர் வீடு மாறுவதற்கு முன் 2010இல் அதை எனக்கு 950 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொடுத்தார். மற்றொன்று, 2014இல் கடையில் புத்தம் புதிதாக 1,900 வெள்ளிக்கு நான் வாங்கிய, வயிற்றுக்குள் கணினிச் சில்லு வைத்த கிட்டார். முதலாவதை இன்றும் வாரத்தில் ஐந்து நாள் வாசிக்கிறேன். இரண்டாவது 2021 முதல் ஒலி எழுப்பாமல் அலமாரியின் மேல் கிடக்கிறது. கிட்டார் கற்கத் தொடங்கும் பிள்ளைகளின் பெற்றோர் பழையது வாங்கலாமா, புதியது வாங்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சில ஆண்டுகள் புதியதை வாங்குங்கள் என்று சொல்லி வந்தேன். பிறகு சில ஆண்டுகள் பழையதை வாங்குங்கள் என்றேன். இரண்டுமே அரைகுறைப் பதில்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் இசையைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். பகலில் கணக்கு வேலை. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் சமூக மன்ற மேடைகளிலும், அவ்வப்போது திருமண வரவேற்புகளிலும் வாசிக்கிறேன். மாதம் ஒரு முறை வயலின் வாசிக்கும் நண்பர் வீட்டில் கீர்த்தனைகள் வாசிப்போம். என் கருவிகளை உண்மையில் சோதிப்பது அந்தக் கீர்த்தனைகள்தான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து கம்பி மின் மாண்டலினிலும், பிரசன்னா மின் கிட்டாரிலும் கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய பிறகு, இது முடியுமா என்று இப்போது எவரும் கேட்பதில்லை. ஆனாலும் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, ஒரு கிட்டாரிடம் கேட்கும் உழைப்பு சாதாரணமானதன்று. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்க, கம்பியை ஒரே இடத்தில் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்து, விட்டு, மீண்டும் இழுக்க வேண்டும். அந்த அசைவின் ஒவ்வொரு புள்ளியும் காதில் விழ வேண்டும். என் தீர்ப்புகள் எல்லாம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. ராக் இசை மட்டும் வாசிப்பவருக்கு அவற்றுள் சில பொருந்தாமல் போகலாம்.

நான் கம்பிகளை ஒரு கட்டைச் சுருதிக்கு, அதாவது மேல்நாட்டு இசையின் C சுரத்துக்குச் சேர்க்கிறேன். ஆறாவதாகிய தடித்த கம்பியை நான்கு அரைச்சுரம் இறக்கினால் ஸட்ஜம் கிடைக்கும். அடுத்ததை இரண்டு இறக்கினால் பஞ்சமம். நான்காவதை இரண்டு இறக்கினால் மறுபடி ஸட்ஜம். மூன்றாவது கம்பி இருக்கும் இடத்திலேயே பஞ்சமமாக நிற்கும். இரண்டாவதை ஓர் அரைச்சுரம் ஏற்றினால் மேல் ஸட்ஜம். முதல் கம்பியைத் தொடவே வேண்டாம். அது தானாகவே அந்தர காந்தாரம். இப்படிச் சேர்த்த கிட்டார் ஏறக்குறைய தம்புராவைப்போல் முழங்கும். திருமண வரவேற்புக்கு மட்டும் வழக்கமான சுருதிக்குத் திரும்பிவிடுவேன். ஒரே மாலையில் இரண்டுக்கும் மாற வேண்டியிருந்ததுதான் என்னைக் கணினிக் கிட்டாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தக் கிட்டாரின் பிரிட்ஜில், அதாவது உடலின் மேல் கம்பிகள் ஊன்றி நிற்கும் பகுதியில், ஆறு கம்பிகளுக்கும் தனித்தனியே அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ உணரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனியாக எண்களாக்கி, அந்த எண்களின் மேல் கணக்குப் போட்டு, 1950களின் டெலிகாஸ்டர், லெஸ் பால் போன்ற புகழ்பெற்ற மின் கிட்டார்களாகவோ, பன்னிரண்டு கம்பி அக்கூஸ்டிக்காகவோ சில்லு அதை வெளியே அனுப்பும். இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். ரோலண்ட் நிறுவனம் 1977இலேயே கிட்டார் சிந்தசைசரை விற்கத் தொடங்கியது. 1995இல் வந்த அதன் விஜி-8, கம்பியின் ஒலியையே மாற்றியமைக்கும் வழியைக் காட்டியது. என் கிட்டார் அந்த வழியில் வந்த பிற்காலக் கருவி. அதில் என்னை ஈர்த்தது பல ஒலிகள் அல்ல, ஒரு சிறிய குமிழ். அதைத் திருப்பினால் கம்பியைத் தொடாமலே ஆறு கம்பிகளின் சுருதியும் மாறிவிடும். வரவேற்பு மேடையில் ஒருவர் ஒரு கட்டையில் பாடி முடிப்பார். அடுத்த பாட்டை ஒரு பெண் ஐந்தரைக் கட்டையில் எடுப்பார். இரண்டுக்கும் இடையில் அறிவிப்பாளர் பேசும் நேரம்தான் எனக்குக் கிடைக்கும். ஒரு விரல் அசைவில் அந்தக் கவலை தீர்ந்துபோனது. அந்த வசதியை நான் இன்றும் குறைத்துப் பேச மாட்டேன். நான்கு ஆண்டுகள் அது என் மேடை வாழ்க்கையை உண்மையாகவே எளிதாக்கியது.

வீட்டில் அதன் இன்னொரு முகம் தெரிந்தது. ஒலிபெருக்கியில் வருவது ஐந்தரைக் கட்டை. விரலுக்கு அடியில் அதிரும் கம்பியோ பழைய சுருதியில்தான் இருக்கிறது. மேடையின் சத்தத்தில் கம்பியின் நேரடி ஒலி காதில் விழாது. அடுக்குமாடி வீட்டில், இரவு பத்து மணிக்கு, ஒலியைத் தணித்து வைத்துப் பயிற்சி செய்யும்போது இரண்டும் சேர்ந்தே கேட்கும். சுருதி சுத்தத்துக்குப் பழகிய காதுக்கு அது பெரும் வதை.

கமகத்தில் அது இன்னும் தடுமாறியது. குமிழ் தொடக்க நிலையில் இருந்தால் குறையில்லை. மூன்று நான்கு அரைச்சுரம் திருப்பிய பிறகு கம்பியை வேகமாக இழுத்து விட்டால், ஒலியின் விளிம்பில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற ஒரு நடுக்கம் எழும். சினிமாப் பாட்டின் நேரான சுரங்களில் அதை எவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நண்பர் தோடியில் ஒரு கீர்த்தனையை எடுத்த மாலையில், நாங்கள் இருவரும் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டோம்.

வீணை ஒலிக்கு ஆசைப்பட்டு ஒரு கிட்டார் சிந்தசைசரையும் இரவல் வாங்கிச் சில மாதங்கள் பயன்படுத்தினேன். அது வேறு வகை. கம்பி எந்தச் சுரத்தில் அதிர்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, பிறகு தன்னிடமுள்ள ஒலியை அந்தச் சுரத்தில் எழுப்பும். இதில் இயற்கையே ஒரு தடை வைத்திருக்கிறது. தடித்த கம்பி வழக்கமான சுருதியில் நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வு முழுமையாவதற்கே 12 மில்லிநொடி ஆகிறது. அதை நான் ஒரு கட்டைக்கு இறக்கினால் 65 அதிர்வு, 15 மில்லிநொடி. ஓர் அதிர்வாவது முடியாமல் அது என்ன சுரம் என்று எந்தச் சில்லாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மெல்லிய கம்பியில் 3 மில்லிநொடியே ஆவதால் அங்கே குறை தெரியாது; கீழே போகப் போகச் சுரம் விரலுக்குப் பின்னால் வந்து சேரும். போதாக்குறைக்கு, கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைகின்ற ஒன்றைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் கருவி, அந்த அசைவையே படிக்கட்டாக நறுக்கிவிடும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

கணினிக் கிட்டார் எப்படிச் செயலிழந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கிய புதிதில் அதன் மின்கலம் ஒரு முழு மாலைக்கும் தாங்கியது. 2018இல் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. புது மின்கலம் ஒன்று வாங்கினேன். 2020இல் அதுவும் தளர்ந்தபோது, செய்த நிறுவனம் அந்த மாடலையே நிறுத்திவிட்டிருந்தது. அந்த அளவிலான மின்கலமும் அத்துடன் நின்றுபோயிற்று. சுருதிகளை மாற்றி எழுதிவைக்க உதவிய மென்பொருள் என் புதிய மடிக்கணினியில் திறக்கவே மறுத்தது. 2021 மார்ச்சில் ஒருநாள் ஒலி விட்டு விட்டு வந்து, பிறகு அடியோடு நின்றது. திறந்து பார்த்தால், சில்லுப் பலகையையும் பிரிட்ஜையும் இணைக்கும் தட்டைக் கம்பிவடத்தின் முனையில் களிம்பு ஏறியிருந்தது. சுத்தம் செய்தும் பயனில்லை. மாற்ற வேண்டுமானால் பலகை முழுவதையும்தான் மாற்ற வேண்டும் என்றார்கள்; பலகை எங்கும் கிடைக்கவில்லை. அதிலுள்ள சாதாரண காந்தப் பிக்கப்புகளும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்கள்) அதே பலகையின் வழியாகத்தான் வெளியே வரும்படி அமைத்திருந்ததால் அவையும் ஊமையாகிவிட்டன. மரம் நன்றாக இருக்கிறது, கழுத்து நேராக இருக்கிறது, ஃப்ரெட்டுகள் (விரற்பலகையின் மெட்டுகள்) தேயவில்லை. ஏழு ஆண்டு வயதில் அது முடிந்துபோனது. என் வருத்தம் பணத்தைப் பற்றியதன்று. ஒரு கருவியோடு விரல் பழகுவதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பழகி முடிந்த நேரத்தில் கருவி கையை விட்டுப் போகிறது.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம். முகப்பிலுள்ள 11 திருகாணிகளைக் கழற்றினால் எல்லாம் தெரியும்: மூன்று பிக்கப்புகள், ஐந்து நிலை ஸ்விட்ச் ஒன்று, 250 கிலோ ஓம் குமிழ்கள் மூன்று, ஒரு மின்தேக்கி, சில கம்பிகள். பிக்கப் என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ஆறு சிறு காந்தத் தண்டுகளைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்றுச் சுற்றிய ஒரு சுருள், அவ்வளவுதான். இரும்புக் கம்பி காந்தத்தின் அருகே அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பழுதானால் எது பழுது என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். பதினைந்து ஆண்டுகளில் இரண்டு குமிழ்கள், ஒரு ஸ்விட்ச், ஒரு ஜாக், ஒரு நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் துண்டு) ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன். மின்பாகங்களை சிம் லிம் டவரில் வாங்கி, சாப்பாட்டு மேசையின் மேல் செய்தித்தாள் விரித்து நானே சோல்டர் செய்தேன். பாகங்களுக்கான மொத்தச் செலவு 120 வெள்ளியைத் தாண்டவில்லை. நான் மின்பொறியியல் படித்தவன் அல்லன். இதைச் செய்ய அந்தப் படிப்பும் தேவையில்லை.

ஆனால் பழையது என்பதாலேயே அதைப் போற்றுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இரைச்சலையே எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விளக்கு, மின்மாற்றி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி என எல்லாவற்றிலிருந்தும் கிளம்பும் அந்த அலையை, ஒற்றைச் சுருள் ஓர் ஆன்டெனாவைப்போல் வாரி எடுத்துக்கொள்ளும். சமூக மன்ற மேடையில் வண்ண விளக்குகள் மங்கி எரியும் நேரத்தில் என் கிட்டார் போட்ட இரைச்சல் முதல் வரிசைக்குக் கேட்டது. ஆலாபனைக்கு நடுவே அது பெரிய அவமானம். இதற்குத் தீர்வு 1950களிலேயே கிடைத்துவிட்டது. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்தங்களையும் எதிரெதிராக வைத்தார். கம்பியின் ஒலி கூடும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த ஹம்பக்கர் 1957 முதல் கிட்டார்களில் வந்தது. நான் அதே கொள்கையைச் சிறிய அளவில் கையாண்டேன். நடுப் பிக்கப்பை மட்டும் எதிர்த் திசையில் சுற்றியதாக மாற்றினேன். உள்குழி முழுவதும் செப்புத் தாள் ஒட்டினேன். இரண்டாம், நான்காம் நிலைகளில் இப்போது இரைச்சல் அநேகமாக இல்லை. கமகத்துக்கும் அந்த நிலைகளின் குரலே எனக்கு உகந்ததாக இருக்கிறது.

ஃப்ரெட்டுகளில் செய்த மாற்றம் இதைவிடப் பெரியது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிட்டாரில் ஃப்ரெட். வீணையின் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கும், கிட்டாரின் ஃப்ரெட் மரத்தில் அறையப்பட்டிருக்கும். பழைய ஃபெண்டர் முறையில் விரற்பலகையின் மேற்பரப்பு நல்ல வளைவாக இருக்கும். அந்த வளைவின் ஆரம் ஏழேகால் அங்குலம், அதாவது 184 மில்லிமீட்டர். பல சுரங்களை ஒன்றாக அழுத்தித் தாளத்துக்கு மீட்டுவதற்கு அது கைக்கு இதம். ஆனால் மேல் பகுதியில் கம்பியை ஒன்றரைச் சுரம் இழுத்தால், வளைவின் மேடு குறுக்கே வந்து கம்பியைத் தொட்டு ஒலியை அடக்கிவிடும். எத்தனை முறை பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்கு ஏறும் வழியில் என் ஒலி பாதியில் செத்திருக்கிறது! அதோடு, நிக்கல் கலந்த மென்மையான ஃப்ரெட்டுகள் கமகப் பயிற்சியில் மூன்று நான்கு ஆண்டுகளில் பள்ளம் விழுந்துவிடும். 2019இல் 480 வெள்ளி கொடுத்து, விரற்பலகையைச் சற்றுத் தட்டையாக இழைத்து, துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட்டுகளை அடிக்கச் சொன்னேன். கிட்டார் பழுது பார்க்கும் அங்கிள், "அசல் பாகத்தை மாற்றினால் விலை இறங்கும், தெரியுமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். விற்பதற்காக நான் அதை வாங்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழிந்தும் அந்த எஃகில் ஒரு கீறல் பள்ளம்கூட இல்லை; கம்பி பனியில் வழுக்குவதுபோல் நகர்கிறது. இந்தக் கிட்டாருக்கு நான் செய்த செலவுகளில் இதற்கு ஈடானது வேறில்லை.

மரபு என்று நாம் இன்று சொல்வதன் வயதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா, 1961 நவம்பரில் கேலாங்கிலிருந்த ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருக்கு வாசித்த தி ஷேடோஸ் குழுவும் நடத்திய நிகழ்ச்சிக்குப் போனவர். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஹேங்க் மார்வின் அந்த ஆண்டுகளில் வாசித்தது ஒரு சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1959இல் கிளிஃப் ரிச்சர்ட் அமெரிக்காவிலிருந்து தருவித்துக் கொடுத்தது. "நாங்க பாட்டைக் கேட்டதை விட அந்தக் கிட்டாரைத்தான் பார்த்தோம், தம்பி. ராக்கெட் மாதிரி இருந்துச்சு" என்று அவர் சொல்லுவார். அதன் பிறகே தி குவெஸ்ட்ஸ் போன்ற உள்ளூர்க் கிட்டார் குழுக்கள் இங்கே கொடிகட்டிப் பறந்தன. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அப்போது வயது ஏழுதான். மூன்று பிக்கப்பும், சுருதியை அசைக்கும் கைப்பிடியும், உடலுக்கேற்ற வளைவுமாக அது அந்தக் காலத்தின் நவீனக் கருவி. இன்று சில லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறும் 1958-60 லெஸ் பால் கிட்டார்கள், செய்த காலத்தில் போதிய அளவு விற்காததால் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது. ஆகவே ஒரு கருவியின் அருமையை அதன் பிறந்த ஆண்டைக்கொண்டு அளப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நாற்பது ஆண்டு கழித்தும் திறந்து சரிசெய்ய முடிகிறதா என்பதையே பார்க்கிறேன். என் 1984 கிட்டார் அதில் தேறியது; 2014 கிட்டார் தேறவில்லை.

சிங்கப்பூரின் ஈரப்பதம் இரண்டையும் ஒருபோலத் தாக்கியது. ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருக்கும் ஊரில், இரவில் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் அது 55 வரை இறங்கும். காலையில் ஜன்னலைத் திறந்தால் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் மரத்தைத் துன்புறுத்துகிறது. கிட்டாரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றி, பெட்டிக்குள்ளேயே வைக்கப் பழகிய பிறகு, கழுத்துக்குள் இருக்கும் எஃகுத் தண்டை முறுக்கி நிமிர்த்த வேண்டிய தேவை ஆண்டுக்கு நான்கு முறையிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பூச்சிட்ட கம்பிகளும் இங்கே வாழ்பவருக்குப் பெரிய உதவி. சாதாரணக் கம்பி வியர்வைக் கையில் மூன்றே வாரத்தில் கறுத்துவிடும். பூச்சிட்டது மூன்று மாதம் வரை நிற்கிறது. விலை இரண்டு மடங்குக்கு மேல் என்றாலும் கணக்கு நமக்குச் சாதகமே.

இனி ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. இங்கே என் மனம் முழுவதும் புதுமையின் பக்கம். ஒரு காலத்தில் 1970களின் அமெரிக்க வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் ஒன்று வைத்திருந்தேன், 22 வாட். அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதால், மின்னழுத்தத்தை இறக்கும் கனமான மின்மாற்றி ஒன்று எப்போதும் கூடவே வேண்டும். அதன் ஒலியைப்போல் ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கம்பியை மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் குரல் கரகரத்து உயிர் பெறும். ஆனால் அந்த உயிர் வருவதற்கு ஒலிக் குமிழை ஐந்துக்கு மேல் ஏற்ற வேண்டும். நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டைத் தாண்டினாலே மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், அதில் அவர்மேல் தவறில்லை. மேடைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் போக வர டாக்சி. வால்வுகள் தேய்ந்தால், ரஷ்யாவிலோ ஸ்லோவாக்கியாவிலோ சீனாவிலோ செய்தவற்றைத் தருவிக்க வேண்டும். 2018இல் அதை விற்றுவிட்டு, ஆம்புகளின் ஒலியைக் கணக்கிட்டு எழுப்பும், காலால் இயக்கும் டிஜிட்டல் ஆம்ப் மாடலர் ஒன்றை வாங்கினேன்.

ஏழு ஆண்டுகளாக அது உழைக்கிறது. ஒரு தோள்பையில் அடங்கும்; கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயிலிலேயே போய்வருகிறேன். இரவு பதினொரு மணிக்கு ஹெட்ஃபோனில், ஐந்தில் வைத்த வால்வு ஆம்பின் கரகரப்பைக் கேட்டுக்கொண்டே பயிற்சி செய்ய முடிகிறது. கணக்கிட்டு ஒலி எழுப்புவதால் தாமதம் ஏற்படாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்படுகிறது, சில மில்லிநொடி. ஒலி காற்றில் ஒரு மீட்டர் பயணம் செய்யவே ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். ஆம்புக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் அந்தத் தாமதத்தோடுதான் வாசிக்கிறார். முக்கியமாக, இந்தப் பெட்டி சுரம் எதுவென்று கண்டுபிடிக்க முயல்வதில்லை. கம்பியிலிருந்து வரும் அலையை அப்படியே வாங்கி, வால்வும் ஒலிபெருக்கியும் என்ன செய்யுமோ அதை அதன்மேல் செய்கிறது. கமகத்தின் ஒவ்வொரு அசைவும் பிழையின்றி வந்து சேருகிறது.

அதற்கும் ஒரு கசப்பான இரவு உண்டு. தீபாவளி நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், கைபேசிச் செயலி கேட்டுக்கொண்டதால் மென்பொருளைப் புதுப்பித்தேன். நான் ஆண்டுக்கணக்கில் அமைத்து வைத்திருந்த ஒலிகளின் அளவுகள் எல்லாம் மாறிப்போயின. இரவு மூன்று மணி வரை ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அன்று முதல் அமைப்புகளை நகலெடுத்து வைக்காமல் புதுப்பிப்பதில்லை. நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தப் பக்கமே போவதில்லை. ஆனாலும் கணினிக் கிட்டாரின் சாவு தந்த கலக்கத்தை இது தரவில்லை. நாளை இந்தப் பெட்டி செத்தாலும், வேறொரு பெட்டியை வாங்கிக் கிட்டாரைச் செருகி வாசிப்பேன். என் விரல் பழகியிருப்பது கிட்டாரோடுதான், பெட்டியோடு அல்ல. சீக்கிரம் காலாவதியாகும் சில்லும் மென்பொருளும் கிட்டாருக்கு வெளியே இருக்கட்டும் என்று நான் இப்போது சொல்வதற்கு இதுவே காரணம்.

கிட்டாருக்குள் வரும் புதுமை எல்லாமே கூடாது என்றும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மின்கலமோ மென்பொருளோ வேண்டாத, உலோகத்திலும் மரத்திலும் செய்த புதுமைகளைத் தாராளமாக ஏற்கிறேன். எஃகு ஃப்ரெட், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் டியூனிங் கீ, கம்பி சிக்காமல் வழுக்கும் கிராஃபைட் நட் என மூன்றும் என் பழைய கிட்டாரில் இருக்கின்றன. கம்பியை இழுத்து விட்ட பிறகு சுருதி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கமகக்காரனின் தேவையை இவை நிறைவேற்றுகின்றன. மோட்டார் வைத்துத் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் கிட்டாரைக் கிப்சன் 2007இல் கொண்டுவந்தது. 2015இல் அந்த வகை அமைப்பைத் தன் பெரும்பாலான மாடல்களில் வைத்தது. அடுத்த ஆண்டே கையால் முறுக்கும் கீகள் கொண்ட மரபு மாடல்களுக்கு மீண்டும் இடம் கொடுத்தது. நான் அதைக் கடையில் ஒரு முறை முயன்று பார்த்ததோடு சரி. சுருதி சேர்ப்பதே பயிற்சியின் முதல் பாடம் என்று கற்றவன் நான். அதை மோட்டாரிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு சனிக்கிழமையைச் செலவிட்டால் பழையதும் புதியதுமாகப் பல கிட்டார்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். படத்தைப் பார்த்து இணையத்தில் பழைய கிட்டாரை வாங்காதீர்கள். கழுத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து, எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் ஒரு சுரம் இழுத்துப் பார்த்து, ஒலி எங்கே அடங்குகிறது என்று கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 சதவிகிதப் பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 1960களின் தொடக்கத்து அமெரிக்கக் கிட்டார்களில் பிரேசில் ரோஸ்வுட் விரற்பலகை இருக்கக்கூடும். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் மிகக் கடுமையான பட்டியலில் இருப்பதால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இந்திய ஈட்டி மரத்தாலான விரற்பலகை கொண்ட பிற்காலக் கிட்டார்களுக்கு இந்த அளவு கெடுபிடி இல்லை. 2019 நவம்பர் முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு இருக்கிறது. தொடங்கும் பிள்ளைக்கு 400, 500 வெள்ளியில் கிடைக்கும் புதிய சாதாரண கிட்டாரும் ஒரு சிறு டிஜிட்டல் ஆம்பும் தாராளமாகப் போதும். மின்கலம் இல்லாமல் ஒலி வருமா, முகப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது உங்களுக்குப் புரிகிறதா என்ற இரண்டை மட்டும் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

அலமாரியின் மேல் கிடக்கும் கிட்டாரைச் சென்ற வாரம் இறக்கினேன். தங்கை மகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல கம்பி எல்லாம் நல்லாத்தானே இருக்கு, ஏன் சத்தம் வரல?" என்று கேட்டாள். சில்லுப் பலகையையும் பீசோ பிரிட்ஜையும் கழற்றிவிட்டு, சாதாரண பிரிட்ஜ் ஒன்றும், பலகையைத் தொடாமல் நேராக ஜாக்குக்குப் போகும் இரண்டு ஹம்பக்கர்களும் பொருத்த அங்கிள் 320 வெள்ளி கேட்டிருக்கிறார். பலகை இருந்த இடத்தில் ஒரு பெரிய குழி இருக்கிறது. அதை மரத்தால் அடைக்க வேண்டாம், பின்புறம் ஒரு தகடு போட்டுத் திருகாணியால் மூடினால் போதும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அதில் சரளி வரிசை தொடங்குகிறாள்.